ஆறு செமஸ்டருக்கு ஒரு கேள்வி

திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்றொரு சிற்றூர். அங்குள்ள குன்றின் குகைத்தளத்தில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி வெட்டப்பட்டிருக்கிறது. 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அதைக் கண்டறிந்தபோது வரலாற்றாசிரியர்களிடையே நெடுநாளாக இருந்த ஒரு விவாதத்துக்கு வலுவான விடை கிடைத்தது. அசோகரின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்துச் சொல்லும் 'சத்தியபுத்திரர்' யார் என்று ஆளுக்கொரு கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜம்பையின் அந்த வரி, அந்தப் பட்டப்பெயரை அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரோடு சேர்த்துச் சொன்னது.

அந்த ஒரு வரியைப் படிக்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பழைய எழுத்து தெரிய வேண்டும். அதியமான் கோவலூரை, அதாவது இன்றைய திருக்கோவிலூரை, வென்ற செய்தி சங்க இலக்கியத்தில் எங்கே வருகிறது என்று தெரிய வேண்டும். பட்டப்பெயர் பிராகிருத வடிவத்தில் இருப்பதால் அந்த மொழியிலும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலத்தைக் கணிக்கவும், பாறையில் எது உளிபட்ட கோடு, எது தானாக விழுந்த வெடிப்பு என்று பிரிக்கவும் தெரிய வேண்டும். தமிழ்த்துறையில் மட்டும் படித்தவருக்கோ வரலாற்றுத் துறையில் மட்டும் படித்தவருக்கோ அந்த வரி முழுதாகப் பிடிபடாது. தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் பதிப்பித்த ஐராவதம் மகாதேவன் வேதியியலும் சட்டமும் படித்தவர், ஐ.ஏ.எஸ். அதிகாரியாக வேலை பார்த்தவர். சிந்துவெளிக் குறியீடுகளைக் கணினியின் துணையோடு அடைவுபடுத்தி 1977இல் நூலாகக் கொண்டுவந்தவரும் அவரே.

பல துறைகளைச் சேர்த்துப் படிக்கும் இளநிலைப் பட்டம் என்றதும், சென்னையிலோ பெங்களூரிலோ லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள்தான் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகின்றன. அப்படியொரு படிப்பை நம் ஊர் அரசு கலை அறிவியல் கல்லூரியிலேயே, இருக்கிற பாடத்திட்டத்துக்குள்ளேயே, நாமே கட்டிக்கொள்ள முடியும். பட்டத்தின் பெயர் பி.ஏ. வரலாறாகவோ பி.காம். ஆகவோ பி.எஸ்சி. தாவரவியலாகவோ இருக்கும். உள்ளே போகும் பேப்பர்களை ஒரு கேள்வியைச் சுற்றி அடுக்கினால் போதும். அதற்குச் சேர்க்கைக்கு முன்பே உட்கார்ந்து திட்டமிட வேண்டும். நடைமுறையில் பெரும்பாலோர் தவறவிடுவது இந்த வேலையைத்தான்.

140 கிரெடிட்டில் நம் கையில் இருப்பது

விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் 2023-24இல் கொண்டுவந்த மாதிரிப் பாடத்திட்டத்தின் சட்டகம்தான் இன்று மாநிலக் கல்லூரிகளில் பெரும்பாலும் புழங்குகிறது. மூன்று ஆண்டு, ஆறு செமஸ்டர், 140 கிரெடிட். முதல் பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் மேஜர் பேப்பர்களும், மாணவர்கள் இன்னும் 'அலைடு' என்றே சொல்லும் சார்புப் பாடங்களும் வரும். நான்காம் பகுதியில் திறன் வளர்ப்புப் பேப்பர்கள், வேறு துறையிலிருந்து எடுக்கும் என்.எம்.இ., சுற்றுச்சூழல் கல்வி, இன்டர்ன்ஷிப். ஐந்தாம் பகுதி என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை.

மூன்றாம் பகுதி மட்டுமே மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதனால் 'எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம்' என்கிற ஆசைக்கு இங்கே இடமில்லை. என் கருத்தில் அது நல்லதுதான். ஒரு துறையில் ஆழமாகக் கால் ஊன்றாதவர் மற்றத் துறைகளிலிருந்து எடுத்து வருவதை எதன்மேல் வைப்பார்?

கவனிக்க வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. வேறு துறைப் பேப்பரை எடுக்க உதவும் என்.எம்.இ. முதல் இரண்டு செமஸ்டரிலேயே வந்து போய்விடுகிறது. கல்லூரிக்கு எந்த பஸ் எத்தனை மணிக்கு என்றுகூடப் பழகாத நேரத்தில், வகுப்பில் பாதிப் பேர் எழுதிக் கொடுத்ததையே நாமும் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மூன்றாம் ஆண்டில் 'அய்யோ, அந்தப் பேப்பரை எடுத்திருக்கலாமே' என்று நினைக்கும்போது கதவு மூடியிருக்கும். ஆகவே சேர்க்கைக் கவுன்சிலிங்குக்குப் போகும்போதே, அந்தக் கல்லூரியில் எந்தெந்தத் துறை என்ன என்.எம்.இ. நடத்துகிறது, உங்கள் மேஜருக்கு எது அலைடு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். சிலபஸ் பல்கலைக்கழக இணையதளத்திலேயே இருக்கும். அதைப் பதிவிறக்கி, ஆறு செமஸ்டரையும் ஒரே தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். எந்தக் கட்டத்தில் பல்கலைக்கழகம் பேப்பரை முடிவு செய்துவிட்டது, எந்தக் கட்டத்தில் முடிவு உங்களுடையது என்று இரண்டு நிறத்தில் குறியுங்கள். உங்கள் நிறத்தில் வரும் கட்டங்கள் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் என்.எம்.இ., விருப்பப் பேப்பர், அரசின் 'நான் முதல்வன்' திறன் வகுப்பு, இன்டர்ன்ஷிப், மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் ஆகிய இவையெல்லாம் ஒரே திசையில் போனால் மூன்று ஆண்டில் பெரிய பலன் உண்டு. திசைக்கொன்றாகப் போனால் மார்க் ஷீட்டில் வெறும் வரிகளாக நின்றுவிடும்.

உலகில் இதை வேறு விதமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1969இல் மாணவர்களே முன்னின்று வாதாடி, பொதுக் கட்டாயப் பாடங்களை எடுத்துவிட்டு, தங்கள் படிப்பைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். பக்கத்துக் கர்நாடகத்தில் வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல் என மூன்று மேஜர்களைச் சமமாகப் படிக்கும் பட்டங்கள் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தன. தமிழ்நாட்டின் மரபு ஒற்றை மேஜர். அதற்குள் நின்றுகொண்டே வேலையைப் பார்க்கலாம்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

'எனக்கு எதில் ஆர்வம்?' என்று பதினேழு வயதுப் பிள்ளையிடம் கேட்டால் பதில் வருவது கடினம். 'நம்ம ஊரில் எது புரியாமல் கிடக்கிறது?' என்று கேளுங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்கள். நல்ல கேள்விக்கு மூன்று குணம் வேண்டும். பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவரும் தூரத்தில் அதற்கான சான்றுகள் இருக்க வேண்டும். ஒரு துறையின் அறிவு மட்டும் அதற்குப் போதாததாக இருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவருக்குச் சம்பளம் கொடுக்க யாராவது இருக்க வேண்டும். மூன்றாவதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு வேலை என்பது பக்க விளைவு இல்லையே.

கோவிலும் கல்வெட்டும் முதல் எடுத்துக்காட்டாக இருக்கட்டும், நம் ஊரான திருக்கோவிலூரில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை என்பதால். அட்ட வீரட்டானங்களில் ஒன்றான வீரட்டானேசுவரர் கோவில் இங்கே இருக்கிறது. முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாகச் சொல்லப்படும் தலமும், உலகளந்த பெருமாள் கோவிலும் இங்கே. பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை வீரட்டானேசுவரர் கோவிலின் முதலாம் ராசராசன் காலக் கல்வெட்டு சொல்கிறது. தென்பெண்ணை ஆற்றில் நிற்கும் பாறையைக் கபிலர் குன்று என்கிறோம். 'இந்த ஊரின் கல்வெட்டுகளில் நிலமும் நீரும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின?' என்பது ஆறு செமஸ்டருக்கும் தாங்கும் கேள்வி.

மேஜர் தமிழாகவோ வரலாறாகவோ இருக்கலாம். தமிழ் எடுப்பவர் என்.எம்.இ.யில் வரலாற்றுத் துறையின் பேப்பரைப் பார்க்க வேண்டும், வரலாறு எடுப்பவர் தமிழ்த்துறையின் பேப்பரை. இரண்டு துறையிலும் கல்வெட்டியலோ தொல்லியலோ விருப்பப் பேப்பராக இருந்தால் விடவே கூடாது. முதலாண்டுக் கோடை விடுமுறையில் தமிழ் பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் மூன்றின் எழுத்துப் பட்டியலையும் கையால் எழுதிப் பழகிவிடுங்கள். ஒரு கோடை தாராளமாகப் போதும், தினமும் உட்கார்ந்தால். இரண்டாம் ஆண்டில் கணினிப் பக்கம் திரும்புங்கள். விரிதாளில் தரவு உள்ளிடுவது, படங்களை முறையாகப் பெயரிட்டுச் சேமிப்பது, ஒருங்குறியில் தட்டச்சு ஆகியவை கட்டாயம். 'நான் முதல்வன்' திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு ஒதுக்கப்படும் வகுப்பு இதற்கு ஒத்துவந்தால் சரி. ஒத்துவராவிட்டால் அந்தத் தேர்வில் தேறிவிட்டு இதைத் தனியாகப் படியுங்கள்.

மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு ஒரு கோவிலின் ஒரு சுவர் போதும். ஏற்கெனவே அச்சில் வந்த கல்வெட்டுப் பாடங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் வரும் நில அளவு, ஏரி, வாய்க்கால், வரி பற்றிய செய்திகளை மட்டும் அட்டவணை ஆக்குங்கள். எந்த ஊர்ப்பெயர் இன்றும் இருக்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். வயலில் வேலை செய்பவரிடம் வாய்க்காலின் பெயரைக் கேளுங்கள். தமிழ், வரலாறு, புவியியல், கணினி நான்கும் ஒரே புராஜெக்டில் வந்துவிடும். அதற்காகத் தனிப் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

வேலை எங்கே? முதுகலைப் பட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறையின் நிறுவனத்தில் உதவித்தொகையோடு இரண்டாண்டு முதுநிலை டிப்ளமா படிக்கலாம். அதுவரை பொறுக்க முடியாதவருக்கு, இந்து சமய அறநிலையத் துறையின் செயல் அலுவலர் பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வில் சமயம் சார்ந்த தாளே உண்டு. கோவில் ஆவணங்களோடு மூன்று ஆண்டு புழங்கியவருக்கு அந்தத் தாள் அந்நியமாக இருக்காது. இன்னொரு வழி பி.எட். முடித்து ஆசிரியராவது. அதற்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஆறும் மலையும்

2024 டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கரையோர ஊர்களில் அந்த வாரம் வெள்ளத்தில் நடந்ததை நம்மில் பலர் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டோம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூரையும் தாண்டி நம் ஊருக்கு வந்து, கடலூரில் கடலில் சேரும் ஆறு அது. மேலே ஒருவர் மதகைத் திறந்தால் கீழே யாருக்கு எத்தனை மணி நேரம் கையில் இருக்கிறது, அந்தச் செய்தி கடைசி வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை யாராவது படித்தாக வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளே அதைப் படிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கணிதம், இயற்பியல், கணினி அறிவியல், புவியியல் ஆகியவற்றில் எதை மேஜராக எடுத்தவரும் இந்தக் கேள்விக்கு வரலாம். அலைடில் புள்ளியியல் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். என்.எம்.இ.க்குப் பொருளாதாரமோ அரசியல் அறிவியலோ நல்லது, ஏனென்றால் வெள்ளத்தில் பாதி தண்ணீர்க் கணக்கு என்றால் மீதி நிர்வாகக் கணக்கு. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் முற்றிலும் இலவசம். இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம். இரண்டாம் ஆண்டு முடிவில் செய்ய வேண்டிய இன்டர்ன்ஷிப்புக்கு, ஏதோவொரு கம்பெனியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வராமல், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவிலோ நீர்வளத் துறையிலோ கல்லூரிக் கடிதத்தோடு போய்க் கேளுங்கள். ஒரு அலுவலகம் முடியாது என்றால் அடுத்த அலுவலகம். புராஜெக்ட் மிக எளிது: உங்கள் ஊரின் வரைபடத்தில் வெள்ளம் எந்தத் தெருவரை வந்தது என்று வீடு வீடாகக் கேட்டுக் குறித்து, அதை மழையளவோடும் நில உயரத்தோடும் ஒப்பிடுவது. ஜிஐஎஸ் தெரிந்த, அதே நேரத்தில் கிராமத்தில் உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆள் கணக்கெடுப்பு நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் தேவைப்படுகிறார். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவர்கள் நிறைய.

கல்வராயன்மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு மலையே போதும். மலையாளிப் பழங்குடி மக்களின் இந்த மலை 1976வரை ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. அதன் பின்பும் நிலம் யாருடையது என்கிற கேள்வி தீர்ந்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்தக் கேள்விக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. இந்த மலையின் வெள்ளிமலைப் பகுதியில் விளையும் மரவள்ளி சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது. கடுக்காயும் புளியும் தேனும் சந்தைக்குப் போகின்றன. சாமையும் தினையும் ஒரு காலத்தில் வீட்டுச் சாப்பாடு, இப்போது நகரத்துக் கடைகளில் விலை உயர்ந்த சரக்கு. மலையில் ஒரு கிலோவுக்குக் கொடுத்த விலை எங்கே, எத்தனை கை மாறி, எவ்வளவாக ஆகிறது என்று கணக்குப் போட பி.காம். மாணவரால் முடியும். எந்தத் தாவரத்தை எவ்வளவு எடுத்தால் காடு தாங்கும் என்று தாவரவியல் மாணவர் சொல்வார். இருவரும் ஒரே புராஜெக்டை இரண்டு துறையில் செய்ய இரண்டு பேராசிரியர்கள் ஒத்துக்கொண்டால் அதைவிட நல்ல படிப்பு வேறில்லை. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்தை வைத்தும் இப்படியொரு திட்டம் போடலாம்: வணிகவியலோடு அறிவுசார் சொத்துரிமை, ஏற்றுமதி நடைமுறை, இணைய விற்பனை.

காட்டுப் பணியில் கண் இருப்பவர்கள் மேஜரை முதலிலேயே சரியாக எடுக்க வேண்டும். இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், புவியமைப்பியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றையாவது பாடமாகக் கொண்ட இளநிலைப் பட்டம், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். மலையை எவ்வளவு நன்றாக அறிந்தவராக இருந்தாலும், இவற்றில் ஒன்றையும் பாடமாகப் படிக்காத பி.ஏ. பட்டதாரி விண்ணப்பமே போட முடியாது.

கதவுகளின் விதி

மேலே சொன்ன எச்சரிக்கை இதுதான். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் பட்டத்தின் பெயர் முக்கியம். எந்தப் பட்டம் எதற்கு இணையானது, எது இணையானது அல்ல என்று உயர்கல்வித் துறை அரசாணைகள் வெளியிடுகிறது. ஆசிரியராகப் போக நினைப்பவர், கேட்பதற்கு நவீனமாக இருக்கும் புதுப்பெயர்ப் பட்டத்தில் சேர்வதற்கு முன் அதற்கு இணைத்தன்மை உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். பி.எட். சேர்க்கையில் பள்ளிப் பாடத்தோடு பொருந்தும் மேஜரைத்தான் கேட்பார்கள். அதனால்தான் பழைய பெயருள்ள மேஜரை வைத்துக்கொண்டு உள்ளே மாற்றம் செய்யும் வழியை நான் பரிந்துரைக்கிறேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 தேர்வுகளில் பெரும்பாலான பதவிகளுக்கு எந்தப் பட்டமும் போதும் என்பதால் அங்கே இந்தக் கவலை குறைவு.

சில கதவுகளை ஒரு பேப்பர் திறக்கும். இந்தியப் புள்ளியியல் பணிக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். எம்.சி.ஏ. சேர்க்கையில் பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருந்ததா என்று பார்ப்பது வழக்கம். பிளஸ் டூவில் கணிதம் எடுக்காத பி.காம். மாணவருக்கு அலைடில் வரும் கணிதப் பேப்பர் வெறும் சுமையாகத் தெரியலாம். பின்னால் கணினிப் பக்கம் போக ஆசை வந்தால் அந்தப் பேப்பர்தான் கைகொடுக்கும்.

பயிற்று மொழியையும் யோசித்தே எழுதிக் கொடுங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது. 2020இல் செய்த திருத்தப்படி, பள்ளியிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் வந்த பிள்ளை, பட்டப்படிப்புத் தகுதியுள்ள வேலைக்கு இந்த முன்னுரிமையைக் கேட்க நினைத்தால், கல்லூரியில் ஆங்கிலவழிக்கு மாறும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

கல்லூரிக்கு வெளியே

நம் கல்லூரியில் இல்லாத துறைக்கு 'ஸ்வயம்' என்ற இணையக் கல்வித் தளம் இருக்கிறது. அதன் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி, தேர்வு மையத்துக்குப் போய் எழுத வேண்டும். அதிலுள்ள என்.பி.டி.இ.எல். படிப்புகளில் பன்னிரண்டு வாரத்துக்கு மூன்று கிரெடிட், எட்டு வாரத்துக்கு இரண்டு என்பது பொதுவான கணக்கு. யு.ஜி.சி.யின் 2021ஆம் ஆண்டு விதிகள் ஒரு படிப்பின் ஒரு செமஸ்டரில் வரும் பேப்பர்களில் 40 சதவீதம்வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடம் தருகின்றன. விதி இடம் கொடுத்தாலும், உங்கள் துறை அதை எந்தப் பேப்பருக்குப் பதிலாக ஏற்கும் என்பதைப் படிப்பில் சேர்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் பேசிவிட வேண்டும். முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் கூடுதல் சான்றிதழாக மட்டும் மிஞ்சும். ஆங்கில விரிவுரை கடினமாக இருந்தால், என்.பி.டி.இ.எல். படிப்புகளில் ஒரு பகுதிக்குத் தமிழில் எழுத்துப்படி கிடைக்கிறது. ஒரு செமஸ்டருக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

2022 முதல் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்களைப் படிக்க அனுமதிக்கிறது, ஒன்று நேரடியாகவும் மற்றொன்று தொலைநிலையிலோ இணையவழியிலோ. சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். பட்டத்தை இப்படிச் சேர்த்துப் படிக்கும் கலைக்கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ முடித்த யாரும் அதன் தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம். சமூகப் பிரிவையும் குடும்ப வருமானத்தையும் பொறுத்து 75 சதவீதம்வரை கட்டணச் சலுகை உண்டு. ஆனால் படிப்பு கடுமையானது. தினமும் காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போகும் மாணவருக்கு இரண்டு பட்டமும் சேர்ந்து முதுகை ஒடித்துவிடும். முதல் கட்டமான அடிப்படைப் படிப்பில் ஒரே ஒரு பேப்பரை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பணம் பற்றியும் பேச வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்', மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அதில் ஒரு பகுதியை ஸ்வயம் தேர்வுக் கட்டணத்துக்கும், புராஜெக்டுக்காக ஊர் ஊராகப் போகும் பஸ் செலவுக்கும் என்று முதல் மாதத்திலேயே ஒதுக்கிவிடுங்கள். திருக்கோவிலூருக்கு விழுப்புரம்–காட்பாடி பாதையில் ரயில் நிலையம் இருக்கிறது. விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ இன்டர்ன்ஷிப் செய்வது நினைப்பதைவிடச் சுலபம்.

பேராசிரியரிடம் பேசுவது

திட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு போனால் 'பார்க்கலாம்ப்பா' என்ற பதில்தான் வரும். ஆறு கட்டம் போட்ட அந்தத் தாளைக் கையில் கொடுங்கள். மேலே உங்கள் கேள்வி, கீழே செமஸ்டர்வாரியாகப் பேப்பர்கள், கடைசியில் நீங்கள் கேட்கும் உதவி ஒன்றே ஒன்று. "சார், எனக்கு என்.எம்.இ. வரலாற்றுத் துறையில் வேணும், நேரம் இடிக்குது, மாத்திக் கொடுக்க முடியுமா?" என்று குறிப்பாகக் கேட்டால், முடியும், முடியாது என்று குறிப்பான பதில் கிடைக்கும். வேறு துறைப் பேராசிரியர் ஒருவரையும் முதலாண்டிலேயே அறிமுகம் செய்துகொள்ளுங்கள். புராஜெக்ட் நேரத்தில் திடீரென்று போய் நிற்பவருக்கு இல்லாவிட்டாலும், இரண்டு ஆண்டாக முகம் தெரிந்த மாணவருக்கு அவர் நூலகப் புத்தகத்தைத் தம் பெயரில் எடுத்துக் கொடுப்பார்.

திட்டம் நடுவில் இடறும். மேஜரில் அரியர் விழுந்தால் வெளிப் படிப்புகளை அந்த செமஸ்டரே நிறுத்திவிடுங்கள். அரியரை முடித்த பிறகு ஸ்வயம், அதன் பிறகு இரண்டாம் பட்டம். மூன்றாம் செமஸ்டர் முடிவில் கேள்வியே அலுத்துவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், ஐந்தாம் செமஸ்டரில் மாற்றினால் புராஜெக்ட் அரைகுறையாகும். வீட்டில் கரும்பு வெட்டோ நெல் அறுவடையோ வந்து பத்து நாள் வகுப்பு போனால், வருகைப் பதிவு குறைவதற்கு முன்பே துறையில் சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல வெட்கப்பட்டுத் தேர்வு எழுத முடியாமல் போகிறவர்கள் உண்டு.

ஐந்தாம் செமஸ்டர் தொடங்கும்போது ஒரு கோப்பைத் திறந்து, ஒவ்வொரு பேப்பரின் சிலபஸ் பிரதி, இன்டர்ன்ஷிப் கடிதம், ஸ்வயம் சான்றிதழ், புராஜெக்டின் வரைபடங்கள், தமிழ்வழிச் சான்றுக்கான விண்ணப்பம் எல்லாவற்றையும் அதில் சேர்க்கத் தொடங்குங்கள். மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும்போது 'இந்தப் பேப்பரில் என்ன படித்தீர்கள்?' என்று கேட்பார்கள். கல்லூரியை விட்டு வந்த பிறகு பழைய சிலபஸைத் தேடிப் போனால் அலைச்சல் அதிகம். கோப்பின் முதல் பக்கத்தில், முதலாண்டில் போட்ட அந்தக் கட்டத் தாளை, அடித்தல் திருத்தலோடு அப்படியே வையுங்கள். நேர்முகத்தில் உங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அதைப் பார்த்தே பேசலாம்.